கம்பஸ் போகாமல் மென்பொருள் வேலை கிடைக்குமா?

ஏ.எல் முடித்தும் பல்கலைக்கழகம் போக இசட் ஸ்கோர் போதவில்லை, திருகோணமலையில் இருந்துகொண்டே மென்பொருள் துறைக்குள் நுழையலாமா என்று கேட்டிருந்தீர்கள். நுழையலாம். ஆனால் கொழும்பின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் முதல் வடிகட்டலே பட்டம்தான். அங்கே தொடங்க வேண்டாம். சின்ன நிறுவனங்களும் இணையவழி ஒப்பந்த வேலைகளும்தான் உங்களுக்கான வாசல்.

அங்கே காட்ட ஒரு உருப்படியான வேலை வேண்டும். யூடியூப் பார்த்துச் செய்த கல்குலேட்டர் எடுபடாது. தெரிந்த மீன் வியாபாரி ஒருவரின் கடன் கொப்பியை மென்பொருளாக்கிப் பாருங்கள். பத்தாயிரம் கடனில் மூவாயிரம் கட்டினால், மீதியை மட்டும் ஏழாயிரம் என்று மாற்றி எழுதாதீர்கள். ஒவ்வொரு கொடுப்பனவையும் திகதியோடு தனி வரிசையாகச் சேமித்து, மீதியைக் கணக்கிட்டு எடுங்கள். நாளைக்கு "நான் அன்றைக்கே கட்டினேனே" என்று சண்டை வரும்போது ஆதாரம் இருக்கும். நேர்முகத் தேர்வில் இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எழுதிய நிரலை (code) கிட்ஹப்பில், அதாவது நிரல்களைச் சேமித்துப் பிறருக்குக் காட்டும் இணையதளத்தில், போட்டு வையுங்கள்.

படிக்க மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஃபுல்ஸ்டாக் (திரையில் தெரியும் பகுதி, பின்னால் இயங்கும் பகுதி இரண்டையும் எழுதுவது) ஆன்லைன் பாடநெறி போதும். "ஆறு மாதத்தில் வேலை உறுதி" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம், சரி, எழுத்தில் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் மட்டும் கதை வேறு. ஜப்பானின் பொறியாளர் விசாவுக்குப் பட்டம் இல்லாவிட்டால் பொதுவாக 10 வருட அனுபவம் கேட்பார்கள். அப்படியானால் வேலை செய்துகொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தையும் தொடங்கிவிடுங்கள்.