சைவம் உண்பவருக்கும் நாடாப்புழுவால் ஆபத்து உண்டா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். சில வாரங்களாக என் கணவரின் மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, குவே தியாவ் (பட்டையான அரிசி நூடுல்ஸ்) துண்டுகளைப் போன்றவை வெளியேறுகின்றன. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. ஆனால் நண்பர்கள் வேட்டையாடிக் கொடுக்கும் காட்டுப்பன்றி இறைச்சியை அவர் விரும்பி உண்பார். பார்மசியில் வாங்கிய பூச்சி மாத்திரை பயன் தரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். நான் சைவம். எனக்கும் என் 7 வயது மகளுக்கும் இது தொற்றுமா?

பதில்: சகோதரி, நீங்கள் விவரித்திருப்பவை பெரும்பாலும் நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கண்ணிகளாகவே இருக்க வேண்டும். புழுவின் தலை சிறுகுடலின் உட்சுவரைப் பற்றிக்கொண்டிருக்க, உடல் கண்ணி கண்ணியாக வளர்ந்துகொண்டே போகும். பன்றி இறைச்சியால் வரும் வகை வழக்கமாக 2 முதல் 7 மீட்டர் வரை நீளும். பலருக்கு இலேசான வயிற்று வலியோ குமட்டலோ தவிர வேறு தொல்லை இருப்பதில்லை. விளக்கெண்ணெய் குடித்தால் கண்ணிகள் நிறைய வெளியேறலாம். ஆனால் தலை உள்ளேயே இருக்கும்வரை புழு மீண்டும் வளர்ந்துவிடும். பார்மசியில் பூச்சி மாத்திரையாகக் கிடைக்கும் அல்பெண்டசோல் நாக்குப்பூச்சிக்கும் கீரிப்பூச்சிக்கும் நல்ல மருந்துதான் என்றாலும், ஒரே வேளை விழுங்குவதால் நாடாப்புழு போய்விடும் என்று நம்ப முடியாது.

உங்கள் கேள்வியில் நான் மிகவும் கவலைப்படுவது நீங்கள் கடைசியாகக் கேட்டதைப் பற்றித்தான். சரியாக வேகாத இறைச்சியில் உள்ள நீர்க்கட்டியை, அதாவது இளம்புழு அடங்கிய சிறு பையை, விழுங்கினால் குடலில் புழு வளரும். அது உங்களுக்கு வர வாய்ப்பில்லை. ஆனால் பன்றி நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாக உணவில் சேர்ந்து இன்னொருவரின் வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வெளிவரும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு பயணம் செய்து, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். மூளையில் தங்கினால், பல ஆண்டுகள் கழித்துக்கூட வலிப்பு வரலாம். இதற்கு இறைச்சி உண்டிருக்க வேண்டியதே இல்லை. நியூயார்க்கில் பன்றி இறைச்சியைத் தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் சிலருக்கு இப்படி மூளையில் கட்டிகள் இருந்தது 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. அவ்வீடுகளில் வேலை செய்தவர்களின் குடலில் இருந்த புழுவே காரணமாகக் கருதப்பட்டது. உங்கள் கணவரும் தம் கை வழியாகவே இந்த முட்டைகளை விழுங்கிவிடக்கூடும்.

எனவே அவருக்கு விரைவில் சிகிச்சை கிடைப்பதே உங்கள் மூவருக்கும் பாதுகாப்பு. வெளியேறும் கண்ணி ஒன்றைக் கையுறை அணிந்து எடுத்து, சிறிதளவு சுத்தமான நீருள்ள மூடிய போத்தலில் இட்டு அரசாங்க கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள். மாட்டு வகையின் முட்டையும் பன்றி வகையின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், எந்த வகை என்று அறியக் கண்ணியே உதவும். பிராசிகுவாண்டெல் என்னும் மருந்தை எடைக்கேற்ப ஒரே வேளை கொடுப்பது வழக்கம். ஆனால் மூளையில் ஏற்கெனவே கட்டி இருப்பவருக்கு அம்மருந்து வீக்கத்தை உண்டாக்கி வலிப்பைத் தூண்டலாம். ஆகவே அவருக்கு எப்போதாவது வலிப்போ நீங்காத தலைவலியோ வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தகையவருக்கு நிக்லோசமைடு கொடுக்கலாம்.

அதுவரை அவர் நகத்தை ஒட்ட வெட்டி, கழிப்பறைக்குச் சென்றபின் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் தேய்த்துக் கை கழுவட்டும். சமையல், காய்கறி நறுக்குதல், மகளுக்கு ஊட்டுதல் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கட்டும். நீங்களும் மகளும் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மகளுக்கு இரவில் ஆசனவாய் அரித்து, நூல் போன்ற சிறு புழுக்கள் தெரிந்தால் அது கீரிப்பூச்சி. அதற்கு மருத்துவம் வேறு.

காட்டுப்பன்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்படும் பன்றிக்குள்ள கால்நடை மருத்துவப் பரிசோதனை, வேட்டையாடிப் பங்கு போடும் இறைச்சிக்குக் கிடையாது. செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழத்தைத் தேடி மண்ணைக் கிளறும் பன்றி, வேலைக்காட்டில் யாரேனும் திறந்தவெளியில் மலம் கழித்திருந்தால் அதையும் தின்றுவிடும். மலத்திலுள்ள முட்டை பன்றியின் தசையில் நீர்க்கட்டியாகி, இறைச்சி வழியாக மீண்டும் மனிதரிடம் வரும் வட்டம் அங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்தில் வேலை நடக்கும் இடங்களிலும் கழிப்பறை கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை என்றே நான் கருதுகிறேன். இறைச்சியில் அரிசி அளவிலிருந்து பட்டாணி அளவு வரை வெண்ணிறக் கட்டிகள் தென்பட்டால் சமைக்கவே வேண்டாம். தென்படாவிட்டாலும் சிறு துண்டுகளாக வெட்டி, உள்ளே சிவப்பு சிறிதும் இல்லாதபடி கொதிக்கக் கொதிக்க வேகவையுங்கள். நெருப்பில் வாட்டி அரைவேக்காடாக உண்பதையும், வேகும் முன்பே உப்பு பார்ப்பதையும் அவர் அடியோடு விட வேண்டும். உப்பிட்டு உலர்த்துவதையோ புகையில் காயவைப்பதையோ நம்ப வேண்டாம்.

மருந்து உண்ட 1 மாதத்திலும் 3 மாதத்திலும் அவரது மலத்தை மறுபடி பரிசோதிக்க வேண்டும். இடையில் கண்ணிகள் மீண்டும் தென்பட்டால் அந்தத் தேதிக்குக் காத்திராமல் உடனே செல்லுங்கள்.