டெட்லிஃப்ட் எடையைக் கூட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மாஸ்டர். என் உடல் எடை 82 கிலோ. தரையில் கிடக்கும் எடைக் கம்பியை, அதாவது பாரை, நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் டெட்லிஃப்டில் எட்டு மாதங்களாக 180 கிலோவைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் 185 கிலோவை முயன்று பார்க்கிறேன். பார் முட்டிக்குக் கீழே வந்து நின்றுவிடுகிறது. பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்தச் சனிக்கிழமை முயற்சியை நிறுத்துங்கள். உச்ச எடையைத் தூக்கிப் பார்ப்பது பலத்தை அளப்பதாகுமே தவிர, வளர்ப்பதாகாது. வாரந்தோறும் அளந்துகொண்டிருப்பவருக்கு வளர்க்க நாள் மிஞ்சுவதில்லை. தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் அதே இடுப்பையும் கீழ்முதுகையும்தான் வேலை வாங்குகிறது என்பதால், சனிக்கிழமை தூக்கத் தவறிய எடையின் களைப்பு அடுத்த வாரத்தின் பாதிவரை உங்களைத் தொடர்ந்து வரும்.

உங்கள் 180 கிலோவை அடிப்படையாக வைத்து ஒன்பது வாரத் திட்டம் ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் ஒரு செட். முதல் வாரம் 130 கிலோவில் ஐந்து ரெப் வீதம் நான்கு செட், இரண்டாம் வாரம் 137.5 கிலோவில் அதே அளவு, மூன்றாம் வாரம் 145 கிலோவில் நான்கு ரெப் வீதம் நான்கு செட். நான்காம் வாரம் 120 கிலோவில் மூன்று ரெப் வீதம் மூன்று செட்டோடு விட்டுவிடுங்கள். அந்த வாரம் சோம்பலாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் முந்தைய மூன்று வார உழைப்பு உடலில் பலமாகப் படிவது அப்போதுதான். பிறகு 150 கிலோவில் மூன்று ரெப் வீதம் நான்கு செட், 157.5 கிலோவில் இரண்டு ரெப் வீதம் நான்கு செட், 162.5 கிலோவில் இரண்டு ரெப் வீதம் மூன்று செட் என மூன்று வாரங்கள் ஏறுங்கள். எட்டாம் வாரம் மீண்டும் 120 கிலோவுக்கு இறங்கிவிட்டு, ஒன்பதாம் வாரம் 170 கிலோவை ஒருமுறை தூக்கியபின் 182.5 கிலோவை முயன்று பாருங்கள். எந்த வாரத்திலாவது கடைசி ரெப்பில் முதுகு வளைந்தாலோ, பார் தயங்கி நின்றாலோ, அடுத்த வாரம் எடையைக் கூட்டாமல் அதே எடையில் இருங்கள். தாளில் எழுதியிருப்பதற்காக உடலைத் தள்ள வேண்டியதில்லை.

மூன்று நாட்கள் கழித்து வரும் இரண்டாவது பயிற்சி நாளில், பாரை முட்டிக்குச் சற்றுக் கீழே இரண்டு விநாடி நிறுத்தித் தூக்கும் பாஸ் டெட்லிஃப்டை 110 கிலோவில் மூன்று ரெப் வீதம் நான்கு செட் செய்யுங்கள். நீங்கள் தடுமாறும் இடமே அதுதான். நிறுத்தும்போது பார் காலை விட்டு விலகினால், எடை முழுவதும் கீழ்முதுகில் வந்து இறங்குவதை நீங்களே உணர்வீர்கள். அக்குளை இறுக்கி பாரைக் காலோடு ஒட்டிவைக்கும் பழக்கம் இதில்தான் வரும். அதன்பின், முட்டியைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி பாரை இறக்கி ஏற்றும் ரொமேனியன் டெட்லிஃப்டை 90 கிலோவில் எட்டு ரெப் வீதம் மூன்று செட் செய்தால் தொடையின் பின்தசைக்குப் போதும்.

கேள்வி: எனக்குத் தரையை விட்டு எழுப்புவதே சிரமம். எழும்பிவிட்டால் மேலே போய்விடுகிறது. எடைத் தட்டான பிளேட்டின் மேல் ஏறி நின்று தூக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் தொடக்க நிலையைப் பாருங்கள். பார் உங்கள் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, கெண்டைக்கால் எலும்பிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலத் தொலைவில் இருக்க வேண்டும். பிடித்தபின் உடனே வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாரைச் சற்றே மேல்நோக்கி இழுத்தால், அது பிளேட்டின் துளையில் மேல்விளிம்பைத் தொடும்போது 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலிக்குப் பிறகும் இழுவையை விடாமல், நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு, பாதத்தால் தரையைத் தள்ளுங்கள். கைகளைத் தளர்வாக வைத்துக்கொண்டு வெடுக்கென்று இழுப்பவருக்கு இடுப்பு முதலில் மேலே போய்விடும். பார் தரையிலேயே கிடக்கும். நான் பார்த்த பலருக்குத் தரையில் இருந்த குறை பலக்குறைவு அல்ல, இந்த அவசரம்தான்.

இதைச் சரிசெய்தபின்னும் சிரமம் இருந்தால், 5 சென்டிமீட்டர் உயரப் பலகையில் நின்று, உச்ச எடையில் 65 முதல் 70 சதவீதத்தில் நான்கு ரெப் வீதம் மூன்று செட், ஆறு வாரங்கள் செய்யுங்கள். அதைவிட உயரம் வேண்டாம். முதுகு வளையாமல் பாரை எட்டுவது பெரும்பாலோருக்கு முடியாமல் போகும்.

கேள்வி: அண்ணா, 2016-இல் பிரிட்டன் வீரர் எடி ஹால் 500 கிலோ தூக்கிய வீடியோவில், மணிக்கட்டைப் பாரோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டியிருந்தார். எனக்கும் முதுகு தாங்குகிறது, விரல்கள்தான் திறந்துவிடுகின்றன. ஸ்ட்ராப் போட்டே பயிற்சி செய்யலாமா?

பதில்: அது பலவகைப் பாரங்களைத் தூக்கும் ஸ்ட்ராங்மேன் போட்டி, அங்கே ஸ்ட்ராப்புக்கு அனுமதி உண்டு. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் கொண்ட பவர்லிஃப்டிங்கில் கிடையாது, கை வழுக்காமல் பூசும் சாக் பவுடர் மட்டும்தான். ஆகவே முதன்மையான செட்கள் அனைத்தையும் வெறுங்கையில் செய்யுங்கள். ரொமேனியன் போன்ற துணைப் பயிற்சிகளுக்கு மட்டும் ஸ்ட்ராப் கட்டலாம். ஓர் உள்ளங்கை உடலை நோக்கியும் மற்றது வெளிநோக்கியும் இருக்கப் பிடிப்பவர் என்றால், வெளிநோக்கிய கையின் முழங்கையை மடக்காதீர்கள். மேற்கைத் தசையான பைசெப்ஸின் நாண் கிழிவது அந்த மடக்கலில்தான். கட்டைவிரலைப் பாருக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அழுத்திப் பிடிக்கும் ஹூக் கிரிப்பில் அந்த ஆபத்து குறைவு, வலி அதிகம். குறைந்த எடையில் சில வாரங்கள் பழகினால் கட்டைவிரல் மரத்துப் பழகிக்கொள்ளும். செட்டின் கடைசி ரெப்பை மேலே பத்து விநாடி பிடித்து நிற்பது, நான் அறிந்தவரை, பிடிக்கு மிகச் சிறந்த பயிற்சி.

கேள்வி: சூமோ நல்லதா, கன்வென்ஷனலா?

பதில்: கால்களை அகல விரித்து, கைகளை அவற்றுக்கு உள்ளே வைத்துத் தூக்குவது சூமோ; கால்களைக் குறுக்கி, கைகளை வெளியே வைப்பது கன்வென்ஷனல். இரண்டும் விதிக்கு உட்பட்டவை. இரண்டையும் எட்டு வாரங்கள் பழகிப் பார்த்து, முதுகு நேராக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பவர்லிஃப்டிங் வீரர் லமார் கேன்ட் வளைந்த முதுகோடுதான் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு தூக்கினார் என்கிறார்கள். அப்படியென்றால் முதுகு வளைவதில் என்ன தவறு?

பதில்: கேன்ட் 1985-இல் 60 கிலோ பிரிவில் ஏறக்குறைய 300 கிலோ தூக்கியது உண்மை. அவருக்கு முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது, கைகளும் மிக நீளமானவை. அதனால் பார் கடக்க வேண்டிய தூரம் அவருக்குக் குறைவு. அது அவருடைய உடலமைப்பு, கற்றுக்கொள்ளும் முறை அல்ல. மேல்முதுகு சிறிது வளைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். எடை கையில் இருக்கும்போது கீழ்முதுகு நிலை மாறி வளைந்துகொண்டே போனால் அந்தச் செட்டை அங்கேயே முடித்துவிடுங்கள். காலுக்குள் இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இருந்தால் பயிற்சியாளரிடம் அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இது முதல் போட்டி, 57 கிலோ பிரிவுப் பெண் நான். உச்ச எடை 120 கிலோ. எந்த எடையில் தொடங்க வேண்டும்?

பதில்: 110 கிலோவில் தொடங்குங்கள் தங்கையே. களைத்த நாளிலும் மூன்று ரெப் எடுக்கக்கூடிய எடைதான் முதல் முயற்சிக்கு உரியது. ஸ்குவாட்டும், படுத்தபடி மார்பிலிருந்து எடையைத் தள்ளும் பெஞ்சும் முடிந்தபின் கடைசியாக வருவது டெட்லிஃப்ட் என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது 117.5, மூன்றாவது 122.5. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் அடுத்த எடையை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதால் இவற்றை முன்பே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி கனமான பயிற்சியைப் போட்டிக்குப் பத்து நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கெண்டைக்காலை மூடும் நீளக் காலுறையையும் எடுத்துச் செல்லுங்கள்.

டெட்லிஃப்டில் தொடங்குவதற்குச் சைகை கிடையாது, இறக்குவதற்கு உண்டு. மாவட்டப் போட்டி ஒன்றில், தன் வாழ்நாளின் மிகப் பெரிய எடையை நேராக நிமிர்ந்து தூக்கிய இளைஞர் ஒருவர், மகிழ்ச்சியில் நடுவரின் 'டவுன்' வருமுன் பாரை இறக்கிவிட்டார். மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன, முயற்சி செல்லாமல் போனது. இன்று தொடங்கி, பயிற்சியின் ஒவ்வொரு செட்டிலும் கடைசி ரெப்பை நிமிர்ந்து பிடித்து நில்லுங்கள். உடன் பயிற்சி செய்பவர் 'டவுன்' சொன்ன பிறகே, பாரை விட்டுவிடாமல் இரு கைகளாலும் பிடித்தபடி தரையில் வையுங்கள்.