ஒரே துணியில் ஒரு துறைமுகம்

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேர் சேர்ந்து, எங்கள் துறைமுகத்தின் வரலாற்றை ஒரே பெரிய துணியில் ஓவியமாகத் தீட்ட இருக்கிறார்கள். முதல் முயற்சியில் ஏறத்தாழ எல்லாருமே நங்கூரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் மட்டுமே வரைந்தார்கள். இதை எப்படி மாற்றுவது?
— ஓவிய ஆசிரியை ஒருவர்

பதில்: பிள்ளைகள்மீது குறையில்லை, நேரில் பார்த்திராத துறைமுகத்தை அவர்கள் பாடப் படங்களிலிருந்து வரைந்திருக்கிறார்கள். தூரிகையைத் தொடும் முன் அவர்களைப் பார்க்கவும் கேட்கவும் விடுங்கள். கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதால், சரக்குத் தளத்துக்குள் செல்ல நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் கரையில் நின்றே பார்க்கலாம்.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும், அதை ஊடறுக்கும் கோடும், அருகில் ஏணிப்படிகள் போன்ற சிறு கோடுகளும் இருக்கும். சரக்கேற்றிய கப்பல் எதுவரை நீரில் அமிழலாம் என்பதைக் காட்டும் குறி இது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மாண்டதைக் கண்டு பொறுக்காத பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் தொடர்ந்து போராடியதன் பயனாக, 1876-இல் பிரிட்டனில் இத்தகைய குறி சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. கடல்நீரைவிட நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும் என்பதால், நன்னீருக்கான கோடு கடல்நீருக்கான கோட்டைவிட மேலே இருக்கும். இதை உப்பு நீரிலும் நல்ல நீரிலும் முட்டையை இட்டுப் பார்த்துப் புரிந்துகொண்ட மாணவி, அந்தக் கோட்டை அலங்காரமாக வரைய மாட்டாள். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல் புறப்படவிருக்கிறது என்று சொல்வதையும் காட்டுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது மனிதர்களின் நினைவு. 1956-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெரிய சரக்குப் பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றதைத்தான் கன்டெய்னர் போக்குவரத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதன் பின்னர், மூட்டைகளையும் பீப்பாய்களையும் ஆட்கள் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிய வேலை உலகெங்கும் வேகமாகச் சுருங்கியது. அந்த வேலையைச் செய்த முதியவர்களைப் பிள்ளைகள் சந்திக்கட்டும். மூட்டையை எந்தத் தோளில் சுமந்தீர்கள், கொக்கியை எப்படிப் பிடித்தீர்கள், பாரம் இழுக்கும்போது என்ன குரல் கொடுத்தீர்கள் என்று கேட்கட்டும். அவர்கள் சொன்ன சொற்களை, அவர்களின் இசைவோடு, அப்படியே துணியில் எழுதலாம். ஓவியத்தின் நடுவிடத்தைக் கப்பலுக்கல்ல, அந்தக் கைகளுக்கே கொடுப்பேன்.

துணியை முப்பது கட்டங்களாகப் பிரிக்காதீர்கள். பிரித்தால் முப்பது தனி ஓவியங்கள்தான் மிஞ்சும். கரைக்கோட்டையும் நீர்மட்டத்தையும் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்த பின், குழுக்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இடம் மாறி, முந்தைய குழு விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். மற்றவர் வரைந்ததன்மேல் சேர்க்கலாம், அழிக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். கடலுக்கான வண்ணத்தை மட்டும் ஒரே பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள்.

ஓரங்களைத் தீட்டாமல் விட்டு, முதியவர்களை முதலில் அழைத்துக் காட்டுங்கள். கயிறு தவறான பக்கம் சுற்றியிருந்தால் உடனே சொல்வார்கள்; திருத்தத்துக்கு அந்த வெற்றிடம் வேண்டியிருக்கும்.