சங்கிலி அடகில், கையில் ஐபோனா?

கேள்வி: அண்ணா, எனக்கு 31 வயது. தண்டையார்பேட்டையில் வாடகை வீடு, மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கைக்கு வருவது 28,000. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார், மாதம் 3,000 வரை வரும். மகள் யூ.கே.ஜி. என் போன் 2021இல் 18,000-க்கு வாங்கியது. மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை, ஸ்டோரேஜ் ஃபுல், கேமரா மங்கல். சாயங்காலத்தில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை, காசிமேட்டில் மீன் ஏலம் என்று ரீல்ஸ் எடுத்துப் போடுவேன். போன வருஷம் அதில் 6,000 கிடைத்தது, ஒரு கடைக்காரர் இன்னும் 2,000 தரவேண்டும். ஷோரூமில் ஐபோன் 17, 82,900 ரூபாய், 24 மாத நோ காஸ்ட் ஈ.எம்.ஐ., மாதம் 3,454 என்கிறார்கள். கார்டு லிமிட் ஒரு லட்சம் இருக்கிறது. செலவெல்லாம் போக மாதம் நாலாயிரம், நாலரையாயிரம் மிஞ்சும் (வாடகை, சீட்டு 2,000, மனைவியின் சங்கிலிக்கு அடகு வட்டி 1,200 எல்லாம் கட்டிய பிறகு). நல்ல கேமரா இருந்தால் வருமானமும் கூடும், அதனால் இதை முதலீடாகத்தான் பார்க்கிறேன். வாங்கலாமா?

பதில்: ஐபோனைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய தம்பி, மனைவியின் சங்கிலியை மட்டும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே! நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அதனால்தான் உங்களுக்குத் திருப்பி எழுதி விவரம் கேட்டேன். ஒன்றரைச் சவரன் சங்கிலி, 60,000 கடன், நூற்றுக்கு ரெண்டு வட்டி, மகளை ஸ்கூலில் சேர்க்கும்போது வைத்தது, 14 மாதம் ஆகிறது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் இதுவரை வட்டியாக மட்டும் 16,800 ரூபாய் போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மாதம் ரெண்டு வட்டி என்று சொல்லும்போது அது சின்னதாகத்தான் காதில் விழும். வருஷத்துக்கு 24 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

வாங்கலாமா என்று கேட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். ஆனால் ஐபோன் ஆசைப்படுவது தப்பு, நம்ம தகுதிக்கு எதற்கு, இந்தப் பேச்சையெல்லாம் நான் பேசப்போவதில்லை. நானும் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன்தான், நாலு பேர் முன்னால் டேபிளில் போனை எடுத்து வைக்கிற சுகம் என்ன என்று எனக்குத் தெரியும். ஆசைக்கு விலை உண்டு, அவ்வளவுதான், அந்த விலையைச் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு ஆசைப்படுவோம்.

ஷோரூம்காரர் சொன்ன விலை 82,900. இப்போது நம் கணக்கு. போனுக்கு மாதம் 3,454 கட்ட ஆரம்பித்தால் உங்கள் கையில் ஆயிரம் நிற்பதே பெரிது, ஆக அடுத்த 24 மாதத்துக்குச் சங்கிலியைத் திருப்புகிற பேச்சே இல்லை, வட்டி மட்டும் மாதம் 1,200 ஓடிக்கொண்டிருக்கும். 24 மாதத்துக்கு 28,800. இதோடு நோ காஸ்ட் என்ற பெயரில் வருகிற காஸ்ட் வேறு இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் அந்தப் போன் ஒரு லட்சத்துப் பதிமூணாயிரத்தைத் தாண்டும். அதற்குப் பிறகும் 60,000 அசல் அப்படியே அடகுக் கடையில் உட்கார்ந்திருக்கும்.

நோ காஸ்ட் என்பது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 2013இலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறம் வந்ததுதான் இந்த ஏற்பாடு. வங்கி உங்களிடம் வட்டி வாங்கத்தான் செய்கிறது, அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் முன்கூட்டியே தள்ளுபடி போட்டுவிடுகிறார்கள், ரெண்டும் நேருக்கு நேர் சரியாகிவிடுவதால் நமக்கு வட்டி இல்லாத மாதிரி தெரிகிறது. ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. உங்கள் கார்டு வட்டி வருஷம் 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 24 மாதத்தில் வட்டி சுமார் 12,350, அதற்கு ஜி.எஸ்.டி. மட்டும் 2,200 ரூபாய்க்கு மேல். பிராசஸிங் கட்டணம் தனி. அதோடு கடையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, மொத்தப் பணமும் இப்பவே கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" அவர் ஒரு தொகை சொல்வார் பாருங்கள், அந்தத் தொகைதான் நீங்கள் ஈ.எம்.ஐ.யில் போகும்போது விட்டுக்கொடுக்கிற தள்ளுபடி.

கார்டு வேண்டாம், கவுன்ட்டரிலேயே ஃபைனான்ஸ் போட்டுத் தருகிறோம் என்றும் சொல்வார்கள். 2024 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட கடன்களுக்கு, கட்டணமெல்லாம் சேர்த்த உண்மையான வருட வட்டி எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் போட்டுக் கையில் தந்தாக வேண்டும், அது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். இன்னொன்று, ஒரு லட்சம் லிமிட்டில் 82,900 பூட்டிக்கொண்டால் நடுராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தக் கார்டு உங்களுக்கு உதவாது. லிமிட்டில் பெரும்பகுதியைப் பயன்படுத்தியிருப்பது சிபில் ஸ்கோரையும் இறக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் இப்படித்தான் 24 மாதத் தவணையில் ஒரு போன் வாங்கினேன், ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவன்! ஒன்பதாவது மாதம் பைக்கிலிருந்து இறங்கும்போது பாக்கெட்டிலிருந்து விழுந்து டிஸ்ப்ளே போயிற்று. மாற்ற ஆகிற செலவைக் கேட்டதும் போனை டிராயரில் போட்டுவிட்டு வீட்டில் இருந்த பழைய போனை எடுத்துக்கொண்டேன். டிராயரில் கிடந்த போனுக்கு இன்னும் 15 மாதம் தவணை கட்டினேன். ஒவ்வொரு மாதமும் அஞ்சாம் தேதி பணம் பிடித்த மெசேஜ் வரும், அதையும் அந்தப் பழைய போனில்தான் படிப்பேன்.

சரி, முதலீடு என்றீர்களே, அதற்கு வருவோம். ரீல்ஸில் வருஷத்துக்கு 6,000, அதாவது மாதம் 500. தவணை 3,454. தவணையை மட்டும் ஈடுகட்டவே உங்கள் ரீல்ஸ் வருமானம் ஏழு மடங்கு ஆகவேண்டும். கேமரா மாறியதும் கடைக்காரர்கள் ஏழு மடங்கு தருவார்களா? அத்தோ கடை வீடியோவை ஒரு தடவை பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். ஜனங்கள் பாதியில் தள்ளிவிட்டுப் போவது படம் மங்கல் என்பதாலா, ரயில் சத்தத்திலும் கடைச் சத்தத்திலும் நீங்கள் பேசுவது கேட்காததாலா? எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினை சத்தம்தான். சட்டையில் மாட்டுகிற மைக் ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் கிடைக்கிறது. முதலில் அதை வாங்குங்கள், அது முதலீடு. ஆறு மாதம் தொடர்ந்து ரீல்ஸில் மாதம் 3,000 வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது பதிலை மாற்றிச் சொல்கிறேன்.

பழைய போனைக் கொஞ்சம் பார்ப்போம். நீங்கள் சொன்ன மூன்று குறையும் போனை மாற்றச் சொல்கிற குறைகள் இல்லை. லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும், ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிளே 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் நிற்கும் என்றுதான் கணக்குச் சொன்னது. நாலு வருஷத்துக்கு மேல் உழைத்த உங்கள் பேட்டரி மதியம் வரை தாங்குவதே பெரிது. உங்கள் போன் ரகத்துக்கு, கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றினாலும் ரெண்டாயிரம் சுற்றித்தான் ஆகும். ஸ்டோரேஜில் முக்கால்வாசி வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்த குட்மார்னிங் படமும் நீங்கள் எடுத்துப் போட்டு முடித்த ரீல்ஸும்தான் இருக்கும். கேமரா மங்கல் என்பதற்கு வெளிக் கண்ணாடியில் கீறலும் அழுக்கும் காரணமாக இருக்கலாம், பேட்டரி மாற்றுகிற அன்றே அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். செட்டிங்ஸில் போய் கடைசியாக எந்த மாதம் செக்யூரிட்டி அப்டேட் வந்தது என்று பாருங்கள். ஒன்று, ஒன்றரை வருஷமாக எதுவும் வரவில்லை என்றால், சம்பளக் கணக்கும் யு.பி.ஐ.யும் அதிலேயே ஓடுவதால் போனை மாற்றவேண்டியதுதான், அப்போது பேட்டரிக்கும் செலவு பண்ணவேண்டாம். ஆனால் அதற்கு 15,000, 18,000-க்கு வருகிற போனே போதும். எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் பக்கம் போவதாக இருந்தால், எந்தக் கடையாக இருந்தாலும் *#06# அடித்தால் அந்தப் போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண் வரும்; KYM என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டு என்று முடக்கப்பட்ட போனாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது சங்கிலிக்கு வழி. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடன் வருஷத்துக்கு 9, 10 சதவீத அளவில் கிடைக்கிறது. இப்போதைய தங்க விலைக்கு ஒன்றரைச் சவரனுக்கு 60,000 தாராளமாகத் தருவார்கள். சிக்கல் என்னவென்றால், முதலில் 60,000 கட்டி நகையைத் திருப்பினால்தான் வங்கிக்கு எடுத்துக்கொண்டு போகமுடியும். அதற்கு ஒரே ஒரு நாள் கைமாற்று போதும். மச்சானிடமோ நண்பரிடமோ காலையில் வாங்கி, அடகுக் கடையில் நகையைத் திருப்பி, நேரே வங்கிக்குப் போய் வைத்து, சாயங்காலம் அவர் பணத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம். ரெண்டு இடத்துக்கும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் நகை அது. வங்கியில் கடன் போடும்போது, மாதாமாதம் அசலிலும் கட்டுகிற மாதிரி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற மாதிரி போட்டுவிடுவார்கள், நமக்கு அது ஒத்துவராது.

அப்புறம், போனுக்குக் கட்டத் தயாராக இருந்த அதே 3,454-ஐயும் இப்போது வட்டியாகப் போகிற 1,200-ஐயும் சேர்த்து மாதம் 4,654 அங்கே கட்டுங்கள். 10 சதவீத வட்டியில் 14 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி நாலாயிரத்துக்குள்தான். அடகுக் கடையில் மூன்றேகால் மாதத்துக்குள் போகிற தொகை அது. சீட்டை நிறுத்தவேண்டாம், அதில் கையும் வைக்கவேண்டாம், யூ.கே.ஜி. முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் பணம் கேட்பார்கள்.

14 மாதம் காத்திருந்தால் ஐபோன் ஓடிப்போய்விடாது. 13, 14, 15, 16 நாலுமே 79,900-க்குத்தான் அறிமுகமாயின, 2025 செப்டம்பரில் 17 வந்ததும் 16இன் விலை 69,900 ஆயிற்று. நீங்கள் ஆசைப்படுகிற 17-க்கும் அதுதான் நடக்க வாய்ப்பு. (ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தானே செய்கிறார்கள், இங்கே ஏன் இந்த விலை என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். நீங்கள் கொடுக்கிற 82,900-இல் 12,600 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி.யே இருக்கிறது, எங்கே செய்தாலும் அது போகாது.) அன்றைக்கு உங்கள் சம்பளத்தில் மாதம் 4,654 சும்மா நிற்கும். கடன் கட்டிப் பழகிய கை, அதே தொகையை ஒரு வருஷம் போஸ்ட் ஆபீசிலோ வங்கியிலோ போட்டால் 55,000-க்கு மேல் சேரும். அந்தப் பணத்தோடு போய் நின்றால் கடைக்காரரிடம் பேரம் பேசலாம். ஐந்து வருஷம் வைத்திருப்பேன் என்கிறவருக்கு ஐபோன் அப்படியொன்றும் மோசமான கணக்கில்லை, பழசுக்கும் ஓரளவு விலை கிடைக்கும். ரெண்டு வருஷத்தில் அடுத்ததுக்குத் தாவுகிறவருக்குத்தான் அது வேட்டு.

கடைசியாக, ரீல்ஸ் எடுத்ததற்கு ஒரு கடைக்காரர் 2,000 தரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை நாளாகப் பாக்கி என்று சொல்லவில்லை. நாளைக்குச் சாயங்காலம் ஒரு பிளேட் அத்தோ சாப்பிடுகிற மாதிரி அங்கே போய் நில்லுங்கள். கூட்டம் குறைகிற வரைக்கும் இருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள், பேட்டரிக்கு அது போதும்.