போஸ்டிங் ஆர்டர் வருவதற்குள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் கணவர் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தார். அம்பாலாவில் இருக்கிறோம். வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, எப்போது வேண்டுமானாலும் போஸ்டிங் ஆர்டர் வரலாம். தீபாவளியிலிருந்தே இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள். ஒரு நாள் ஜோத்பூர், மறுநாள் தேஜ்பூர், அதற்கடுத்த நாள் லே. குவார்ட்டர்ஸில் யாரைப் பார்த்தாலும் "உங்களுக்கு வந்துடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

பெண் எட்டாவது, பையன் மூன்றாவது, இருவரும் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறார்கள். இவரிடம் எதைக் கேட்டாலும் "ஆர்டர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்கிறார். ஃபிரிட்ஜ் ரிப்பேர், புதிது வாங்கவில்லை. கிழிந்த திரைச்சீலை அப்படியே தொங்குகிறது. நான் பி.எட். முடித்தவள். வேலைக்கு முயற்சி பண்ணலாம் என்றால், சேர்ந்த மாதமே கிளம்பச் சொன்னால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். குடியாத்தத்திலிருந்து மாமியார், "அலைஞ்சது போதும்மா, பிள்ளைங்களோட இங்கயே வந்துடு" என்கிறார். எனக்கும் சலித்துவிட்டது. நீங்களும் ராணுவக்காரர் மகள் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஊருக்குப் போய்விடட்டுமா?

ச.
அம்பாலா

அன்புள்ள ச.,

ஊருக்குப் போவதில் தப்பே இல்லை. ஆனால் வதந்தி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால் போக வேண்டாம். நான்கு மாதமாக மனசுக்குள் ஜோத்பூருக்கும் லேவுக்கும் குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். இப்படி இருக்கும்போது குடியாத்தம் மட்டும் நிச்சயமானதாகத் தெரிவது இயல்பு. அது நல்ல முடிவா என்பது வேறு கேள்வி.

என் அப்பா ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் இருந்தார். உங்கள் வீட்டைப் போலத்தான், தனித்தனியாக மாற்றல் வரும் பிரிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரி காலாட்படையில் பட்டாலியனே மொத்தமாக இடம் மாறும். அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் செய்தி வரும், எல்லாரும் சேர்ந்து மூட்டை கட்டுவார்கள். சிக்னல்ஸ், ஏ.எஸ்.சி., வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. மாதிரிப் பிரிவுகளின் குடும்பங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்து வீட்டுக்கு வந்துவிடும், உங்களுக்கு வராது. நீங்கள் சொல்லும் "உங்களுக்கு வந்துடுச்சா?" அதனால்தான் இவ்வளவு அரிக்கிறது. உங்கள் கணவர் மறைக்கிறார் என்றும் நினைக்காதீர்கள். ஆர்டர் ஜபல்பூரில் இருக்கும் சிக்னல்ஸ் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்தாக வேண்டும். அதுவரை அவருக்குத் தெரிந்ததும் பால் வாங்கும் இடத்தில் நீங்கள் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் "ஆர்டர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆர்டர் வந்த பிறகு பேச எங்கே நேரம்? டி.சி. வாங்க வேண்டும், கேஸ் இணைப்பை ஒப்படைக்க வேண்டும், குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். கொடுத்த கட்டில், மேசை, ஃபேன் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டிக் குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும், உடைந்ததற்குப் பணம் கட்ட வேண்டும். அந்த அமளியில் எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் "சரி, நீ ஊருக்குப் போ" என்று முடிகிறது. யாரும் யோசித்து எடுத்ததல்ல.

ஊர்ப் பெயர் எத்தனை அடிபட்டாலும் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை வரக்கூடியது இரண்டே இரண்டுதான். குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷன், அல்லது குடும்பம் போக முடியாத ஃபீல்டு. ஜோத்பூரா, ஜான்சியா, செகந்திராபாத்தா என்பது வெயில், தண்ணீர், தோசை மாவு கிடைக்குமா என்ற அளவில்தான் வித்தியாசம். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டுக்கும் இப்போதே பதில் முடிவு செய்து வையுங்கள். எது வருகிறதோ அதற்கான பதில் கையில் இருக்கும்.

பீஸ் என்றால், என் அபிப்பிராயம், எல்லாரும் சேர்ந்தே போங்கள். பையனுக்குப் பிரச்சினையே இல்லை. பெண் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஏப்ரலில் ஒன்பதாவது போகிறாள், சி.பி.எஸ்.இ. பதிவு அந்த வகுப்பில் தொடங்குகிறது. ஒரு கேந்திரிய வித்யாலயாவிலிருந்து (கே.வி.) இன்னொரு கே.வி.க்கு மாறுவதில் பாடத்திட்டமும் புத்தகமும் மாறாது, பெற்றோருக்கு மாற்றல் என்றால் டி.சி.யை வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பதாவது நடுவில் மாறுவதுகூடச் சமாளிக்கக்கூடியது. பத்தாவது தொடங்கிய பிறகு அவளை அசைக்காமல் இருப்பது நல்லது. அப்போது ஆர்டர் வந்தால் அவர் முதலில் போகட்டும், நீங்கள் பரீட்சை முடிந்து கிளம்புங்கள்.

ஃபீல்டு என்றால்தான் உண்மையான கேள்வி. குடும்பத்தை விட்டுப் போகிறவர்களின் வீட்டார் தங்குவதற்கென்று எஸ்.எஃப். (செபரேட்டட் ஃபேமிலி) குவார்ட்டர்ஸ் உண்டு. அம்பாலாவிலேயே கேட்டுப்பாருங்கள், வரிசை இருக்கும். ஃபீல்டுக்குப் போகிறவர் குடும்பத்தைத் தனக்குத் தோதான ஊரில் வைத்தால் அந்த ஊர் கே.வி.யில் பிள்ளைகளைச் சேர்க்கவும் வழி இருக்கிறது. உங்களுக்குத் தமிழ்நாடுதான் வேண்டும் என்றால் ஆவடியைப் பாருங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கே.வி.கள் இருக்கின்றன. குடியாத்தத்துக்கு ரயிலில் சில மணி நேரம்தான், மாமியார் வரலாம், நீங்களும் போகலாம்.

குடியாத்தத்திலேயே தங்கி உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பது என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவதில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். உங்கள் பெண் வீட்டில் தமிழ் பேசுகிறவள், பள்ளியில் இந்தியும் சமஸ்கிருதமும் படித்தவள். என்னையும் அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். வகுப்பில் எல்லாரும் செய்யுள் ஒப்பிக்கும்போது நான் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் தமிழில் எழுதவே வந்துவிட்டேன் என்பது வேறு விஷயம், ஆனால் அந்த ஒரு வருடத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் ஊரில் தங்கிய பிறகு அப்பா லீவில் மட்டும் வந்தார். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் என்பது காகிதத்தில் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் வீட்டில் டார்ச் எங்கே இருக்கிறது என்று அவர் எங்களைக் கேட்க வேண்டியிருந்தது. நாங்களும் அவர் வந்திருக்கும்போது கொஞ்சம் சத்தம் குறைத்துப் பேசுவோம். பிள்ளைகள் அலையாமல் படித்ததற்கு அவர் கொடுத்த விலை அது. கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் உங்கள் கணவர் பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போதே அதைக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

ஃபிரிட்ஜை நாளைக்கே ராணுவக் கேன்டீனில் பதிந்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான். சாமான் கொண்டுபோக அரசு செலவு தருகிறது, மாற்றலுக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் தனியாகவும் வருகிறது. ஒரு ஃபிரிட்ஜுக்காக நான்கு மாதம் தினமும் மோர் புளித்துப் போகிறது என்றால் அது சிக்கனமே இல்லை. திரைச்சீலைக்கு அளவு பார்க்காதீர்கள். எந்த ஊர் குவார்ட்டர்ஸ் ஜன்னலும் அடுத்த ஊர் ஜன்னலுக்குப் பொருந்தியதாகச் சரித்திரம் இல்லை. கொஞ்சம் நீளமாகவே வாங்கி மடித்துத் தையுங்கள்.

வேலையைத்தான் கடைசிக்கு வைத்தேன், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். "சேர்ந்த மாதமே கிளம்பச் சொன்னால்" என்கிறீர்கள். கிளம்பினால் கிளம்புங்கள். கே.வி.களில் ஒப்பந்த ஆசிரியர்களை வருடா வருடம், பெரும்பாலும் புது வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், நேர்காணல் வைத்து எடுக்கிறார்கள். அந்த ஒப்பந்தமே கல்வியாண்டோடு முடிகிறதுதான். நிரந்தரம் தேடுகிறவர்களுக்கு அது குறை, உங்களுக்கு அதுவே வசதி. இரண்டு மாதம் வேலை பார்த்தாலும் அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அடுத்த ஊரில் பேசும். ராணுவப் பள்ளிகளிலும் விசாரியுங்கள், மாற்றலாகிப் போகும் மனைவிமார்களை அவர்கள் நிறையப் பார்த்தவர்கள்.

பி.எட். சான்றிதழ் பழக்கப்படி ஏதாவது கறுப்பு ட்ரங்குப் பெட்டிக்கு அடியில்தான் இருக்கும். இந்த வாரமே எடுத்து வெளியே வையுங்கள். நேர்காணலுக்கு அசலையும் கேட்பார்கள், நகலும் இரண்டு செட் கேட்பார்கள்.