பாடக்குறிப்பின் முதல் வரி

மொழி வகுப்புக்குப் பாடம் திட்டமிடுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாடக்குறிப்பு எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது. வகுப்பில் பாதியைக்கூட முடிக்க முடிவதில்லை. எங்கே தவறுகிறேன் ஐயா?

நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்தேன். விளக்குதல், எழுதிக்காட்டுதல், வாசித்துக்காட்டுதல் என்று நீங்கள் செய்யப்போவது முழுவதும் இருக்கிறது. மாணவர் என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் வரியில் 'நான்காம் வேற்றுமை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, 'தனக்கு வேண்டிய பொருளை மாணவர் கேட்டு வாங்குவார்' என்று எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கேட்டு வாங்க என்ன வாக்கியம் தேவை? 'எனக்குப் பேனா வேண்டும்.' அதற்கு ஏழெட்டுப் பொருள்களின் பெயர், எனக்கு, வேண்டும், இந்தா. 45 நிமிடத்துக்கு இது தாராளம். 'வேண்டாம்' அடுத்த வாரம் வரட்டும்; காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பொருள்களை மேசையில் பரப்பி நானே முதலில் கேட்டு வாங்குவேன். பிறகு இருவர் இருவராகக் கேட்பார்கள். கடைசிப் பத்து நிமிடம் பொருள்களையெல்லாம் மாணவர் கையில் கொடுத்துவிடுவேன். வேண்டியதை ஒருவரிடம் ஒருவர் கேட்டுத்தான் பெற வேண்டும். 'நான் பேனா வேண்டும்' என்றால் பேனா வராது. நீட்டிய கை வெறுங்கையாக நிற்கும் அந்த நொடியில், பக்கத்தில் இருப்பவரே 'எனக்கு, எனக்கு' என்று எடுத்துக்கொடுப்பார்.

நேரம் போதாமல் போனால் எதை விடலாம் என்பதையும் குறிப்பிலேயே பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

கேள்வி: என் வகுப்பில் எழுத்தே தெரியாதவர்களும் இருக்கிறார்கள், ஓரளவு பேசுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு திட்டம் எழுத வேண்டுமா?

ஒன்று போதும். படம் ஒன்று, வேலை இரண்டு. தொடக்க நிலையினர் படத்தில் இருப்பவற்றின் பெயரைச் சொல்லட்டும். மற்றவர்கள் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று சொல்லட்டும்.

ஆனால் 'தெரிந்தவர், தெரியாதவர்' என்று வகுப்பை இரண்டாகக் கிழிக்காதீர்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் சட்டகத்தில் தொடக்க நிலையான ஏ1 முதல் உயர்நிலையான சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. அதில் கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடலாம். வீட்டில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மளமளவென்று பேசும், எழுத்துக்கூட்டும்போது திணறும். புத்தகத்தில் படித்து வந்தவர் நேர்மாறு. இருவரையும் ஜோடியாக்கி ஒருவர் சொல்ல மற்றவர் எழுதச் சொல்லுங்கள். இருவருக்கும் வியர்க்கும்.

கேள்வி: இலக்கணத்தை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா?

நடுவில். நாலைந்து வாக்கியங்களைக் கேட்டபின், 'ஏன் இப்படி வருகிறது?' என்று முகம் சுருங்கும் இடத்தில் மூன்று நிமிடம். விதியே வேண்டாம் என்னும் கட்சியில் நான் இல்லை. பெரியவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: போன வாரம் சொல்லிக்கொடுத்த சொற்கள் இந்த வாரம் மறந்துவிடுகின்றன. என் குறையா, மாணவர் குறையா?

இருவர் குறையும் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885-இலேயே எழுதிவிட்டார். மறப்பார்கள் என்று தெரிந்தபின் அதற்கும் திட்டத்தில் இடம் வேண்டாமா? இன்றைய சொல் அடுத்த வகுப்பில் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை வர வேண்டும். நான் குறிப்பேட்டின் ஓரத்தில் தேதி போட்டு வைப்பேன். பட்டியலைத் திரும்ப வாசிக்கச் சொல்வதில் பயன் குறைவு. ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: எதிர்ச்சொற்களை ஒரே நாளில் புதிதாகத் தராதீர்கள். இடதும் வலதும் சேர்ந்து வந்தால், எது எது என்பதுதான் குழம்பும். 'வேண்டாம்' என்பதைத் தள்ளிவைத்ததும் இதனால்தான்.

கேள்வி: ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிக்கிறேன். நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மொழியியலாளர் பால் நேஷன் நான்கு சம பங்காகப் பிரிக்கச் சொல்கிறார்: பொருள் புரிந்து கேட்பதும் வாசிப்பதும் ஒன்று; பேசுவதும் எழுதுவதும் ஒன்று; சொல்லையும் இலக்கணத்தையும் படிப்பது ஒன்று; தெரிந்ததையே தடங்கலின்றிச் செய்து பழகுவது ஒன்று. தனியாகப் படிப்பவர்கள் மூன்றாவதிலேயே குடியிருப்பார்கள். நான்காவதற்கு ஒரு வழி: ஒரே செய்தியை 4 நிமிடம் பேசுங்கள், பிறகு 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். கைபேசியில் பதிவுசெய்து, முதலாவதையும் மூன்றாவதையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மேற்பார்வைக்கு வருபவர்கள் பெரிய படிவத்தில் குறிப்பு கேட்கிறார்கள். நீங்கள் சொல்வது அதில் அடங்காதே?

படிவத்தை அவர்களுக்காக நிரப்புங்கள். வகுப்புக்கு அரைத்தாள் ஒன்றை மடித்து எடுத்துப்போங்கள். வகுப்பு முடிந்ததும், யார் எந்த வாக்கியத்தில் தடுமாறினார் என்று அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி. நாளைய குறிப்பு பாதி எழுதியாகிவிட்டது.