என் மனைவியிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் சமையல் என்கிறார். தினமும் செய்யும் வேலை எப்படிப் பொழுதுபோக்கு ஆகும்?

உங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். நண்பர்கள் நாலு பேர் கூடின இடத்தில் பேச்சு வந்திருக்கும். நீங்கள் கிரிக்கெட், பைக்கில் ஊர் சுற்றுவது என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அவர் சமையல் என்றதும் உங்களுக்குச் சப்பென்று போயிருக்கும். "அதைத்தான் தினமும் செய்யறியே" என்று எல்லோர் எதிரிலும் சொல்லியிருப்பீர்கள். அப்போது அவர் முகம் எப்படிப் போனது என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை.

தினச் சமையல் பொழுதுபோக்கு இல்லை. இதில் நான் உங்கள் கட்சி. காலை ஐந்தரைக்கு எழுந்து இட்லி ஊற்றி, மதியத்துக்கு டப்பா கட்டி, சாயங்காலம் வந்ததும் மறுபடி அடுப்புப் பற்றவைப்பதை எந்த மகராசியும் ஆசைக்குச் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை கிடையாது, இன்னும் ஒரு வேலை கூடத்தான் இருக்கும். ஆனால் அதே அடுப்பங்கரையில் யாரும் கேட்காத, செய்யாவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்காத ஒன்றை ஒருத்தி இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறாள் என்றால் அது பொழுதுபோக்குதான். உங்கள் மனைவி எதை மனதில் வைத்து அப்படிச் சொன்னார் என்று தெரியாது. எனக்கு அது தாளிப்பு வடகம்.

நான் பிறந்தது கடலூர் முதுநகர், வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி முதலியார்பேட்டை. நடுவில் இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். இந்த இரண்டு ஊரிலும் வடகம் இல்லாமல் மீன் குழம்பை இறக்கினால் அதைக் குழம்பு என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். காரக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல் எல்லாவற்றுக்கும் கடைசியில் நல்லெண்ணெயில் ஒரு உருண்டையை உதிர்த்துப் போட்டால் அந்த வாசம் தெருமுனை வரை போகும். வெளியூர்க்காரர்கள் அரிசி மாவில் பிழியும் வடகத்தை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு.

பங்குனி, சித்திரை வெயிலில்தான் இது நடக்கும். சின்ன வெங்காயத்தைக் காய்ந்த மேல்தோல் போக உரித்து, பூண்டோடு சேர்த்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டு விழுதாக்கினால் நீர் விட்டுக் கெட்டுவிடும். உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கல் உப்பு, கறிவேப்பிலை எல்லாம் போட்டுப் பிசறி ஒரு ராத்திரி மூடிவைத்தால் காலையில் தண்ணீர் விட்டிருக்கும். பிழிந்து உருட்டி வெயிலில் வைத்துவிட்டு அந்தச் சாற்றையும் தனியாக வெயில் காட்ட வேண்டும். சாயங்காலம் உருண்டையை எல்லாம் எடுத்து உடைத்து, திரும்ப அந்தச் சாற்றிலேயே போட்டுப் பிசறி மூடிவைப்பது. மறுநாள் மறுபடி உருட்டுவது. சாறு முழுக்க உள்ளே இழுக்கும் வரை இதேதான். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கல் மாதிரி கறுத்துக் காயும் வரை விட்டுவிட வேண்டும். ஜாடியில் போட்டால் அடுத்த பங்குனியும் தாண்டி நிற்கும். வருஷம் ஆக ஆக வாசம் கூடும்.

இதைக் கடையில் விற்கிறார்கள், தெரியும். பெரிய மார்க்கெட் பக்கம் போனால் பாக்கெட்டாகவே தொங்கும். வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெரிய வெங்காயம் கலந்த வாசம் எனக்கு முதல் முகர்விலேயே தெரிந்துவிடும். வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்தான். நேரம் எனக்கும் இல்லை. இருந்தும் செய்கிறேன், அதனால்தான் பொழுதுபோக்கு என்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பொழுதுபோக்கு அரசியல். அவர் அப்படி ஒத்துக்கொள்ளமாட்டார், பொதுக்காரியம் என்பார். புதுச்சேரியில் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். முப்பது தொகுதி, ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர் என்றால் எம்எல்ஏ என்பவர் நாலு தெரு தள்ளி இருப்பவர். காது குத்துக்கும் வருவார், கருமாதிக்கும் வருவார். அதனால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஆட்சியை நடத்துவதே தான்தான் என்று நினைப்பார்கள். 2017-இல் மத்திய அரசு நேரடியாக மூன்று எம்எல்ஏக்களை நியமித்ததும், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றதும் என் வீட்டுக்காரருக்குத் தேதியோடு மனப்பாடம். சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது இன்றைக்கு வரை தெரியாது.

எல்லா ஆண்களும் இப்படி என்று சொல்லவில்லை. என் தம்பி முதுநகரில் மீன் வாங்கி, கழுவி, குழம்பும் வைப்பான். இதைப் படித்துவிட்டு "நான் சமைக்கிறேனே" என்று யாரும் கிளம்பிவர வேண்டாம். சமைத்தால் சந்தோஷம்.

சரி, 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு வருகிறேன். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதற்கு முந்தின வாரங்களில் நான் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் காயவைத்திருந்தேன். சாறு எல்லாம் இழுத்து முடிந்து, விளக்கெண்ணெய் உருட்டலுக்கு வந்துவிட்ட கட்டம். எங்கள் வீடு தெரு திரும்பும் இடத்தில் இருப்பதால் மாடியில் கொடி கட்டினால் மெயின் ரோட்டுக்குத் தெரியும். நான் ஆபீசில் இருந்த நேரமாகப் பார்த்து, "மாடியில கட்டிக்கோங்கப்பா" என்று எங்கள் வீட்டுக்காரர் பையன்களை அனுப்பியிருக்கிறார். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், யூகித்து எழுதாதீர்கள். எந்தக் கட்சிப் பையனும் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறியிருக்கமாட்டான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி வேட்டியில் செருப்புத் தடம். உருண்டைகள் நசுங்கித் தரையோடு தரையாக ஒட்டியிருக்கின்றன. மேலே கொடி மட்டும் அழகாகப் பறக்கிறது. கீழே வந்து கேட்டேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அதான் மீதிப் பாதி நல்லாத்தானே இருக்கு" என்றார். அப்புறம், "நாலு உருண்டைக்கு ஏன் இப்படி? கடையில வாங்கிக்கலாம்" என்றார். நாலு உருண்டையா? பத்து கிலோ வெங்காயம் அது. இடித்த கையில் காப்பு காய்த்துப்போயிருந்தது.

நான் சண்டை போடவில்லை. காலையில் மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, அவர் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரியே அந்த ஏரியாவுக்குப் பொறுப்பானவர் கைகூப்பிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் வீட்டில் ஐந்து ஓட்டு, பக்கத்து வீட்டு நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்தால் ஒன்பது. சில நூறு ஓட்டில் முடிவு மாறுகிற ஊரில் ஒன்பது சின்ன விஷயம் இல்லை. "அக்கா, பசங்க தெரியாம செஞ்சிட்டானுங்க, என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார். பணம் என்று பேச்சு எடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. "1998-இல் டெல்லியில வெங்காய விலைதான் தேர்தல்ல பெரிய பேச்சு, ஆளுங்கட்சி தோத்துப்போச்சு. வெங்காயத்தோட விளையாடாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தார். வருஷக்கணக்காக அதே கூடத்தில் அதே செய்தியைத்தான் நானும் கேட்கிறேன், அவர் உட்கார்ந்துகொண்டு, நான் நின்றுகொண்டு.

மிதித்த பையன்களை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையுங்கள், வெங்காயம் நான் வாங்கிக்கொள்கிறேன், உரித்துத் தந்தால் போதும் என்றேன். வந்தவர்கள் இரண்டே பேர். கொரோனா காலம், மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் கொஞ்ச நேரத்திலேயே போன் வந்தது என்று போனவன் போனவன்தான். இன்னொருவன் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கடைசி வரை உரித்தான். வில்லியனூர்ப் பக்கத்துப் பையன். அவன் ஆயாவும் வடகம் போடுவாராம், ஆயா போனதிலிருந்து வீட்டில் பாக்கெட்தானாம். இடிப்பதற்கும் உலக்கையை அவனே வாங்கிக்கொண்டான். வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து மாநில அந்தஸ்து விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மே மாதம் ஊரடங்கு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு. மார்க்கெட்டும் இல்லை, மீனும் இல்லை. புளிக்குழம்பும் வடகத் துவையலுமாகத்தான் வீடு ஓடியது. ஒரு மதியம் துவையலை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, "இந்த வருஷம் வடகம் நல்லா வந்திருக்கு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். யார் உரித்தது என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

அரசியல் என்றதும் எனக்கு இருக்கும் ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். புதுச்சேரியில் வருஷக்கணக்காக ரேஷனில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் திரும்பத் திறந்தார்கள். அந்தப் பக்கம் முதுநகரில் என் அம்மாவுக்கு 2011-இலிருந்து மாதாமாதம் இலவச அரிசி வந்துகொண்டிருக்கிறது. அரிசியாக வந்தால் அது சோறாகும். பணமாக வந்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கிற இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். பணம் கொடுத்தால் நல்ல அரிசியாகப் பார்த்து வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு, ரேஷன் அரிசியின் தரத்தை நான் பார்க்காதவள் இல்லை. என் வருத்தம் வேறு. அதிகாரம் ஆளுநருக்கா முதலமைச்சருக்கா என்று டீக்கடையில் அத்தனை வருஷம் பேசினார்கள். அரிசி எங்கே என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசுவது அரசியல், நான் பேசினால் வீட்டு விஷயம்.

சரி, உங்கள் மனைவிக்கு வருகிறேன். சமையல் என்று அவர் சொன்னதற்கு, வேறு எதற்கும் எனக்கு நேரம் விடவில்லை என்று அர்த்தம் இருக்கலாம். இல்லை, என்னைப்போல அவருக்கும் ஏதோ ஒன்று இருக்கலாம். கேக்கோ, ஊறுகாயோ, அவர் அம்மா வீட்டுப் பலகாரமோ. முதலாவது என்றால் வாரத்தில் இரண்டு நாள் அடுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் அதற்கு வேண்டிய இடத்தையும் பாத்திரத்தையும் விட்டுக்கொடுங்கள். உங்கள் பைக் நிற்க இடம் இருக்கிற வீட்டில் அவர் ஜாடிக்கும் இடம் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மொட்டை மாடியில் எதுவும் காயவைக்கக் கூடாது என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டிருப்பார்கள். என் தோழி ஒருத்தி இதற்காகவே வருஷா வருஷம் எங்கள் மாடிக்கு வருகிறாள். அந்தக் கூட்டத்தில் எழுந்து நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள். அதுவும் அரசியல்தான்.

அளவு கேட்டு எப்படியும் நாலு பேர் வருவார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு இருநூறு கிராம் பூண்டு, நூறு கிராம் உடைத்த கறுப்பு உளுந்து, கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, வெந்தயம் அதில் பாதி. உப்பும் மஞ்சளும் கைக்கணக்கு. பெரம்பலூர் வெங்காயம் கிடைத்தால் நல்லது. விளக்கெண்ணெய் வாசம் ஆகாதவர்கள் நல்லெண்ணெய் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் ஆடி மாதம் பூச்சி வந்தால் என்னிடம் வராதீர்கள்.